எல்ராய் வோக்ட் ஆன்டெனாவைத் திருப்பிய கதை

அக்டோபர் முதல் திங்கட்கிழமை, பிற்பகல் மூன்று மணிக்கு, எல்ராய் வோக்ட்டின் குதிரைகள் காணாமல் போயின.

வெள்ளிக்கிழமை வரை இருந்தன. பன்னிரண்டு புள்ளி நான்கு என்று டிவி ரிமோட்டில் அழுத்தினால் போதும், பழைய கௌபாய் படங்கள் ஓடும். புழுதி, துப்பாக்கி, ஷெரீப், கூட்டம் கூட்டமாகக் குதிரைகள். முப்பத்தோரு வருஷம் பள்ளிப் பேருந்து ஓட்டி, முதுகுக்குப் பின்னால் அறுபது பிள்ளைகளின் கூச்சலைச் சகித்த மனிதருக்கு ஓய்வுக்காலத்தில் கிடைத்த ஒரே சொர்க்கம் அது. இன்று அதே எண்ணில் ஒரு பெண் விரலை நீட்டி நீட்டி மோதிரம் விற்றுக்கொண்டிருந்தாள்.

எல்ராய் ரிமோட்டைத் தட்டினார். டிவியைத் தட்டினார். தலையில் தட்டிக்கொண்டார். மோதிரம் போகவில்லை.

மினசோட்டாவின் தென்கோடியில் இருக்கும் ஷெல்பர்கில் பாதி வீடுகளில் இன்னும் கூரை ஆன்டெனாதான். காற்றில் சும்மா வருவதை எதற்குக் கேபிளில் வாங்க வேண்டும் என்பது எல்ராயின் கொள்கை. ஆனால் சும்மா வருவது சொல்லாமல் போய்விடும். புள்ளிக்கு முன்னால் நிற்கும் பன்னிரண்டு இருக்கிறதே, அதுதான் பெரும்புள்ளி. செய்தி, வானிலை, கால்பந்து எல்லாம் அதனுடையது. புள்ளிக்குப் பின்னால் தொற்றிக்கொண்டு வருபவை ஏழைச் சொந்தக்காரர்கள். என்றைக்குப் படியிறக்குவார்கள் என்று அவர்களுக்கே தெரியாது.

அடுத்த வீட்டு டுவேன் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று துப்புக் கொடுத்தான்.

“உன் குதிரையெல்லாம் முப்பதுக்குப் போயிடுச்சு எல்ராய். முப்பது புள்ளி ரெண்டு. ஆனா முப்பதோட ஒளிபரப்புக் கோபுரம் தென்கிழக்கே இருக்கு. உன் ஆன்டெனா மேற்கே பார்த்துக்கிட்டு நிக்குது.”

“திருப்பினா?”

“குதிரை வரும். பன்னிரண்டு போயிடும்.”

“மொத்தமுமா?”

“வாலோட.”

அந்த வாலில்தான் சிக்கல். பன்னிரண்டு புள்ளி மூன்றில் தினமும் நாலு மணிக்குப் பழைய போல்கா நடனம் வரும். எழுபதுகளில் அந்த வட்டாரத்து நடனக் கூடங்களில் எடுத்த ஒளிநாடாக்கள். அக்கார்டியன் கதற, ஜோடி ஜோடியாக ஆட்கள் சுற்றிக்கொண்டே இருப்பார்கள். எல்ராயின் மனைவி வெர்னா ஒரு நாள் விடமாட்டாள். பக்கத்து நாற்காலியில் எல்ராய் நாலு வருஷமாக அந்த ஒரு மணி நேரத்தை ஒழுங்காகத் தூங்கிக் கழித்து வந்தார்.

செவ்வாய்க்கிழமை வெர்னா தேவாலயத்துக்குப் போர்வை தைக்கப் போனாள். எல்ராய் கூரைக்குப் போனார். அவள் திரும்பி வந்தபோது வீட்டுக்குள் குதிரைகள் ஓடிக்கொண்டிருந்தன.

“ஏங்க, மணி நாலாச்சு. பன்னிரண்டைப் போடுங்க.”

“அது வராது வெர்னா.”

“ஏன் வராது?”

எல்ராய் வாழ்க்கையில் பொய் சொல்லிப் பழகாதவர். பழகாதவன் சொல்லும் பொய்க்கு அளவு தெரியாது.

“கோபுரத்தையே வேற பக்கம் திருப்பிட்டாங்களாம். இனிமே நம்ம ஊருக்குப் பன்னிரண்டு கிடையாது.”

“கோபுரத்தையேவா?”

“ஆமா.”

“அவ்வளவு பெரிய கோபுரத்தை?”

“இப்ப எல்லாத்துக்கும் மெஷின் வந்துடுச்சு.”

வெர்னா அவரைப் பார்த்தாள். ஜன்னலைப் பார்த்தாள். “சரி” என்றாள்.

அந்தச் சரி எல்ராயைத் தூங்கவிடவில்லை. நாற்பத்திரண்டு வருஷத்தில் அவள் இவ்வளவு சீக்கிரம் சரி சொன்னதே கிடையாது.

மறுநாள் காலை படுக்கையறைக் கதவைச் சாத்திக்கொண்டு யாரிடமோ வெகுநேரம் போனில் பேசினாள். வெளியே வந்தபோது முகம் அப்படித் தெளிந்திருந்தது.

“இதைச் சும்மா விடக் கூடாதுங்க. ஊரே கையெழுத்துப் போட்டு மனு கொடுக்கணும்.”

“யார் கொண்டு போறது?”

“நீங்கதான். எனக்காக ஒரு தடவை போராடக் கூடாதா?”

“எதுக்கு வெர்னா, காலம் மாறிப்போச்சு, நாமளும்...”

“கோபுரத்தைத் திருப்பத் தெரிஞ்சவங்களுக்குத் திருப்பி வைக்கவும் தெரியும்” என்றாள் வெர்னா.

எல்ராயின் நரகம் அன்று தொடங்கியது. தான் செய்த குற்றத்துக்கு எதிராகத் தானே வீடு வீடாகக் கையெழுத்து வாங்கினார். விசித்திரம் என்னவென்றால் ஒருவரும் மறுக்கவில்லை, ஒரு கேள்வி கேட்கவில்லை. பேனாவைக் கையில் வாங்கியதும் எல்லோருக்கும் ஒரே மாதிரி வாய் கோணியது. தபால்காரர் இருமினார். பல் டாக்டர் முதுகைத் திருப்பிக்கொண்டு குலுங்கினார்.

“மேலே காத்து எப்படி எல்ராய்?” என்றான் டுவேன், கையெழுத்தைப் போட்டபடி.

“எந்த மேலே?”

“பொதுவா கேட்டேன்பா.”

வெர்னாவோ தினமும் நாலு மணிக்குத் தன் நாற்காலியை ஜன்னல் பக்கம் திருப்பிப் போட்டு, வெறும் தெருவைப் பார்த்தபடி ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தாள். அதைவிட அவள் பாத்திரத்தைத் தூக்கி எறிந்திருக்கலாம்.

ஞாயிற்றுக்கிழமை இன்னோர் இடி. கால்பந்தும் பன்னிரண்டில்தான் வரும் என்பது எல்ராய்க்கு ஞாயிற்றுக்கிழமைதான் நினைவுக்கு வந்தது. போதாததற்கு முப்பதாம் கோபுரம் தூரம். காற்று அடித்தால் படம் உடைந்து கட்டம் கட்டமாகச் சிதறியது. ஷெரீப் துப்பாக்கியை எடுப்பார், அப்படியே உறைந்துவிடுவார். யார் செத்தார்கள் என்று கடைசிவரை தெரியாது. மனைவியின் போல்காவைக் கொடுத்து, தன் கால்பந்தையும் கொடுத்து, அவர் வாங்கி வைத்திருந்தது பாதிக் குதிரை.

இருநூற்றுப் பதினேழு கையெழுத்து சேர்ந்தது. வெர்னா ஒரு கடிதம் எழுதி உறையில் போட்டு ஒட்டினாள். எல்ராய் எழுபது மைல் வண்டி ஓட்டிக்கொண்டு பன்னிரண்டின் டிவி நிலையத்துக்குப் போனார். வழி நெடுக ஒரே வேண்டுதல்: வாசலிலேயே துரத்திவிட வேண்டும்.

துரத்தவில்லை. பிராண்டல் என்ற மேலாளர் அம்மாள் உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தாள். உறையைப் பிரித்துப் படித்தாள். நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். மறுபடி முதலிலிருந்து படித்தாள்.

“சார், காப்பி குடிக்கிறீங்களா?”

“வேண்டாம்மா.”

“குடிங்க. கடிதத்துலயே கொடுக்கச் சொல்லியிருக்கு.”

காகிதத்தை அவர் பக்கம் தள்ளினாள். வெர்னாவின் சாய்ந்த எழுத்து.

‘நாலு மணிப் போல்காவை யாரும் பார்ப்பதில்லை என்று இந்த மாதத்தோடு நிறுத்தப்போவதாக உங்கள் அலுவலகத்தில் போனில் சொன்னார்கள். நான் பார்க்கிறேன். அந்த நாடாக்கள் மூன்றில் என் அக்கா அடெலைன் ஆடுகிறாள். பச்சைப் பாவாடை. இருபத்து நாலு வயதில் இறந்துபோனாள். வீட்டில் அவள் புகைப்படங்கள் உண்டு. அசைகிற அடெலைன் உங்களிடம் மட்டும்தான் இருக்கிறாள். எந்த நாடாவை என்றைக்குப் போடுவீர்கள் என்று தெரியாததால் தினமும் பார்க்கிறேன்.

இதைக் கொண்டு வருபவர் என் கணவர். உங்கள் கோபுரம் திரும்பிவிட்டது என்று சொல்வார். திரும்பியது எங்கள் ஆன்டெனா. திருப்பியவர் அவர். ஊரில் எல்லோருக்கும் இது தெரியும், நான் முன்னாடியே சொல்லி வைத்துவிட்டுத்தான் அவரைக் கையெழுத்துக்கு அனுப்பினேன். அவர்களுக்குத் தெரியும் என்பது அவருக்கு மட்டும்தான் தெரியாது. வேறு எப்படிச் சொன்னாலும் அவர் இருநூறு வீட்டுப் படி ஏறியிருக்க மாட்டார். நல்ல மனிதர். முகம் மிகவும் வாடியிருந்தால் ஒரு காப்பி கொடுங்கள்.’

எல்ராய் இரண்டு முறை படித்தார். பச்சைப் பாவாடை. நாலு வருஷம் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். ஒரு நாள், ஒரே ஒரு நாள், கண்ணைத் திறந்து வைத்திருந்தால் என்ன?

“மொத்தம் பதினோரு பேர் பார்க்கிறதா நினைச்சோம்” என்றாள் பிராண்டல். “இருநூற்றுப் பதினேழு பேர்னா நான் மேலே பேச முடியும். ஒரு மணி நேரம் முடியாது சார். அரை மணி நேரம் நிச்சயம் வெச்சுக்கறோம். நிறுத்த மாட்டோம்.”

“அம்மா, நான் இதைப் படிச்சேன்னு அவகிட்ட...”

“சொல்ல மாட்டேன்” என்றாள் அவள். உதட்டைக் கடித்துக்கொண்டு சொன்னாள்.

வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது மணி மூன்றே முக்கால். வண்டியில் வரும்போதே மன்னிப்பை வாக்கியம் வாக்கியமாகக் கட்டி வைத்திருந்தார். வெர்னா வாசலிலேயே கோட்டைப் போட்டுக்கொண்டு நின்றாள்.

“என்ன சொன்னாங்க?”

“நிறுத்தலையாம். அரை மணி நேரம் போடுவாங்களாம். வெர்னா, அந்தப் பச்சைப்...”

“அப்ப இன்னிக்கே வருமா?”

“வெர்னா, நான் ஒண்ணு சொல்லணும்.”

“மணி நாலாகப் போகுதுங்க. சொல்றதை இறங்கி வந்து சொல்லலாம்” என்று வீட்டுப் பக்கவாட்டைக் காட்டினாள். ஏணி கூரையில் சாத்தியிருந்தது.

எல்ராய் ஏறினார். வடக்கிலிருந்து பனிக்காற்று காதை அறுத்தது. தெருவில் ஒவ்வொரு ஜன்னலிலும் ஒரு முகம். தபால்காரர் வண்டியை ஓரம் கட்டிவிட்டு நின்றார்.

“இன்னும் கொஞ்சம் இடது பக்கம்!” என்றது எதிர்வீடு.

“போதும், போதும், மேற்கு அதுதான்!” என்றான் டுவேன்.

எல்ராய் ஆன்டெனாவை மேற்கே திருப்பி, திருகுகளை ஒவ்வொன்றாக முறுக்கினார். அசைத்துப் பார்த்தார். மலை மாதிரி நின்றது. கீழே கூடத்திலிருந்து அக்கார்டியன் கேட்டது. கால்கள் தரையைத் தட்டும் சத்தம். வெர்னா தனக்குத்தானே ஏதோ சொல்லிச் சிரித்தாள். அந்தச் சிரிப்பை அவர் கேட்டு இரண்டு வாரம் ஆகியிருந்தது.

“வருதா?” என்று கத்தினார்.

“வருது! அக்கா வந்திருக்கா!”

எல்ராய் கையைக் கம்பியிலிருந்து எடுத்து மூக்கைத் துடைத்துக்கொண்டார். “அப்ப நான் இறங்கி வந்து உன்கூட உட்காரட்டுமா?”

ஜன்னல் திறந்தது. வெர்னா தலையை மட்டும் வெளியே நீட்டி மேலே பார்த்தாள்.

“ஐயோ, கையை எடுத்துடாதீங்க, நீங்க பிடிச்சாத்தான் படம் தெளிவா இருக்கு. அரை மணி நேரம்தானே, அப்படியே நில்லுங்க!”