மரத்தடியில் அரைமணி நேரம்

மூன்றாம் நாளும் தொப்பிக்காரர் வந்துவிட்டார். பூங்காவில் பதினாறு பெஞ்சுகள் காலி. அவர் குமாஸ்தாவின் பெஞ்சில்தான் உட்கார்ந்தார்.

"நேத்து எதுல விட்டேன் சார்? ஆங், தண்ணி மோட்டார்!"

குமாஸ்தாவுக்கு வேலை புகார்ப் பிரிவில். பதினோரு வருடமாக, தினமும் எட்டு மணி நேரம், ஃபோனில் ஊர்க் குறைகளைக் காதில் வாங்குகிறவர். போன வாரம் ஒரு வாடிக்கையாளரிடம், "என் குறையை நான் யார்கிட்டய்யா சொல்றது?" என்று கத்திவிட்டு ஃபோனை வைத்தார். கட்டாய விடுப்பு கொடுத்துவிட்டார்கள். டாக்டர் கையெழுத்துப் போட்டால்தான் மறுபடி வேலை.

டாக்டர் மாத்திரை எழுதவில்லை.

"தினமும் அரைமணி நேரம் மரத்தடியில உட்காருங்க. யார் பேச்சையும் கேட்காதீங்க. இலை அசையறதைப் பாருங்க. ஏழாம் நாள் வாங்க, கையெழுத்துப் போடறேன்."

"இவ்வளவுதானா? நாளைக்கே குணமாயிடறேன்" என்றுதான் குமாஸ்தா கிளம்பினார்.

மூன்றாம் நாள் மாலை மனைவி யோசனை சொன்னாள்.

"காதுல பஞ்சு வச்சுக்குங்க. பார்த்தா அவரே புரிஞ்சுக்குவார்."

நாலாம் நாள் தொப்பிக்காரர் பஞ்சைப் பார்த்தார். முகம் இளகியது.

"காது கேட்காதா? முதல்லயே சொல்லக் கூடாதா சார்!"

நெருங்கி உட்கார்ந்து, மோட்டார் கதையை ஆரம்பத்திலிருந்து, தொண்டை கிழிய எடுத்துவிட்டார். நடைப்பயிற்சிக்கு வந்தவர்கள் நின்று கேட்டார்கள். ஒருவர் சந்தேகம்கூடக் கேட்டார்.

ஐந்தாம் நாள் குமாஸ்தா கண்ணை மூடித் தூங்குவதுபோல் சாய்ந்தார். இரண்டு நிமிடம் அமைதி. அப்புறம் முகத்தில் ஒரு பாட்டில் தண்ணீர்.

"மயக்கம் போட்டுட்டார்! தள்ளி நில்லுங்க, காத்து வரட்டும்!"

சுற்றி இருபது தலைகள். இலை ஒன்றுகூடத் தெரியவில்லை.

"நேராவே 'பேசாதீங்க'ன்னு சொல்ல வேண்டியதுதானே?" என்றாள் மனைவி, தலையைத் துவட்டிவிட்டபடி.

"சொன்னேனே. 'மனசுல வச்சுக்காம இப்படிக் கொட்டிடணும், இன்னும் சொல்லுங்க'ங்கிறார்."

"அப்ப பூங்காவை ஒட்டின ஏரிக்குப் போங்க. மிதிபடகு விடறாங்கல்ல? நட்டநடுத் தண்ணியில யார் வரப் போறா?"

குமாஸ்தாவுக்கு நம்பிக்கை திரும்பியது. ஆறாம் நாள் தனியாகப் படகெடுத்து ஏரியின் நடுவுக்கு மிதித்தார். தண்ணீர். வானம். ஒரு கொக்கு. பதினோரு வருடமாகக் காதருகே தூக்கி நின்ற தோள்கள் மெல்ல இறங்கின.

பின்னால் சளக் சளக் என்று சத்தம்.

"சார்! பெஞ்சுல உங்களைக் காணோம்னு பதறிட்டேன் சார்!"

குமாஸ்தா வேகமாக மிதித்தார். தொப்பிக்காரரும் மிதித்தார். ஏரியை மூன்று சுற்று வந்தார்கள். நாலாவது சுற்றில் படகுகள் மோதி ஒன்றோடொன்று மாட்டிக்கொண்டன. படகுக்காரர் கயிறோடு வந்து பிரிக்க முக்கால் மணி நேரம் ஆயிற்று. மோட்டார் கதை முடிந்து, மருமகன் கதை பாதி ஓடிவிட்டது.

"வாயை மூடுய்யா!"

கரையில் நின்றவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"அப்படிப் போடுங்க! இன்னிக்குத்தான் மனசு விட்டுப் பேசியிருக்கீங்க" என்றார் தொப்பிக்காரர், பூரிப்போடு.

ஏழாம் நாள் காலை குமாஸ்தா டாக்டரின் முன்னறையில் உட்கார்ந்திருந்தார். ரத்த அழுத்தம் பார்த்த நர்ஸ் கருவியை ஒரு தட்டுத் தட்டிவிட்டு மறுபடி பார்த்தாள். கையெழுத்து கிடைக்குமென்ற நம்பிக்கை அதோடு போயிற்று.

டாக்டர் அறைக் கதவு திறந்தது. வெளியே வந்தது தொப்பிக்காரர். முகமெல்லாம் சிரிப்பு. இவரைப் பார்த்துக் கையை ஆட்டிவிட்டு, படி இறங்கிப் போனார்.

குமாஸ்தா மேஜையருகே ஓடினார். டோக்கன் கொடுக்கும் பெண் நிமிர்ந்தாள்.

"அந்தாளு என்னைத் தேடி இங்கயும் வந்துட்டாரும்மா! இனிமே உள்ளயே விடாதீங்க. அவரால என் வேலையே போகப் போகுது!"

"அவரா? சம்சாரம் போனதுலேர்ந்து ஒரு வருஷமா யார்கிட்டயும் ஒரு வார்த்தை பேசாம வீட்டுக்குள்ளயே கிடந்தவர் சார்; 'பூங்காவுக்குப் போங்க, தனியா உட்கார்ந்திருக்கிற ஆளாப் பார்த்து தினமும் அரைமணி நேரம் பேசுங்க'ன்னு எழுதிக் கொடுத்ததே நம்ம டாக்டர்தான்!"