பாதாம்காரியின் கவிஞர்

முப்பத்தெட்டாவது விடைத்தாளிலும் அந்தத் துறவி இருந்தார்.

எவெலியோ சிவப்புப் பேனாவை மேசைமேல் எறிந்தார். இருபத்தாறு வருஷமாக ஸ்பானிய இலக்கிய வரலாறு நடத்துகிறவர் அவர். பதினைந்தாம் நூற்றாண்டில் குமெர்சிந்தோ என்று ஒரு துறவிக் கவிஞர் இருந்ததாகக் கேள்விப்பட்டதே இல்லை. மாணவர்களோ, துவேரோ ஆற்றுப் பாலத்தருகே சர்க்கரைப் பாதாம் விற்ற பெண்ணை நினைத்து உருகி, அவர் நாற்பது பாட்டு எழுதினார் என்று அடித்துச் சொல்லியிருந்தார்கள்.

எல்லோருக்கும் பூஜ்யம் போட்டார். அதோடு விட்டது தொல்லை என்று நினைத்தார்.

மறுநாள் திருத்திய தாளைப் பார்க்க வரும் நாள். முப்பத்தெட்டுப் பேரும் அறை வாசலில் வந்து நின்றார்கள். முன்னால் நியேவெஸ், வகுப்பிலேயே பெரிய வாயாடி.

"சார், நோட்ஸ்ல இருக்கறதைத்தான் எழுதினோம்."

"எந்த நோட்ஸ்?"

"கசில்டாம்மா ஜெராக்ஸ் கடையில குடுக்கறது. எங்க அக்கா அதைத்தான் படிச்சா, எங்க சித்தப்பா அதைத்தான் படிச்சார்."

வாங்கிப் பார்த்தார். சுத்தமாக டைப் அடித்த பக்கங்கள். யார் எழுதியது என்று எங்கும் இல்லை.

"ஒழுங்கா கிளாஸுக்கு வந்தா இந்தக் கர்மம் எதுக்கு? நான் இங்க படிச்ச அஞ்சு வருஷத்துல ஒரு கிளாஸ் விட்டதில்ல, தெரியுமா?"

"தெரியும் சார். வாரா வாரம் சொல்றீங்களே. நாங்க புகார் குடுக்கப் போறோம்."

எவெலியோ பதினோரு வருஷமாகக் காத்துக்கிடந்த தலைமைப் பேராசிரியர் பதவிக்கு அடுத்த வாரம்தான் தேர்வு. மத்ரீதிலிருந்து குழு வருகிறது. இந்த நேரத்தில் முப்பத்தெட்டுப் புகார் போனால் பதவி கோவிந்தாதான்.

எதற்கும் கேட்டுவைப்போம் என்று சக ஆசிரியை மத்தில்தேயிடம் போனார். அந்தத் துறையில் ஒருவரும் ஒரு நூலையும் "படித்ததில்லை" என்று ஒப்புக்கொண்டதாகச் சரித்திரமே கிடையாது. அதை அவர் மறந்துவிட்டார்.

"குமெர்சிந்தோன்னு ஒரு துறவி, பாதாம் விக்கிற பொண்ணைப் பாடினாராமே..."

"அடடா, குமெர்சிந்தோவா!" மத்தில்தே காபியைக் கீழே வைத்தாள். "என்ன நடை, என்ன நடை! ஏன், நீங்க படிச்சதில்லையா?"

"நல்லா இருக்கே! படிக்காம என்ன? உங்களுக்குத் தெரியுமான்னு பார்த்தேன்."

சாயங்காலத்துக்குள் துறைத் தலைவர் பௌலினோ அறைக்கே வந்துவிட்டார்.

"என்ன எவெலியோ, குமெர்சிந்தோவைக் கரைச்சுக் குடிச்சிருக்கீங்களாம், மூச்சு விடலையே! எனக்கும் ரொம்பப் பிடிச்ச கவிஞர். குழு முன்னால உங்க பேச்சு அவரைப் பத்தித்தான். மத்ரீதுக்குச் சொல்லிட்டேன்."

"சொல்லிட்டீங்களா?"

"அவங்களுக்கு ஏக சந்தோஷம். அதுல ரெண்டு பேரு சின்ன வயசுலயே மனப்பாடம் பண்ணினவங்களாம்."

மூன்று நாள் நூலகத்தைத் தலைகீழாகப் புரட்டினார் எவெலியோ. நாற்பது பாட்டில் நாலு வரிகூட அகப்படவில்லை. பிறக்காத மனுஷனைப் பற்றி ஒரு மணி நேரம் என்னத்தைப் பேசுவது? நான்காம் நாள், எது வந்தாலும் வரட்டும் என்று பௌலினோவிடம் கொட்டிவிட்டார்.

"அப்படி ஒருத்தன் இல்லவே இல்ல சார்! எவனோ கிறுக்கன் நோட்ஸ்ல கதை விட்டிருக்கான்!"

பௌலினோவின் முகம் செக்கச்செவேலென்று ஆனது.

"எனக்கு அப்பவே சந்தேகம்தான். ஆனா மத்ரீதுக்காரங்க மூஞ்சில எப்படி முழிக்கறது? யாராவது ஒருத்தன் மாட்டியாகணும்."

"மாட்ட வைக்கறேன்!" என்று எவெலியோ அங்கேயே உட்கார்ந்து புகார் எழுதினார். நோட்ஸ் எழுதியவன் எந்தக் காலத்தில் படித்தவனாக இருந்தாலும் அவன் பட்டத்தைப் பறிக்க வேண்டும், இந்தப் பல்கலைக்கழகத்தில் அவனுக்கு எந்தப் பதவியும் கொடுக்கக் கூடாது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். பௌலினோ முத்திரை குத்தி, ஒரு நகலை உடனே மத்ரீதுக்கு அனுப்பினார். பெயருக்கான இடம் மட்டும் காலியாக இருந்தது. எவெலியோவுக்கு ஒரு வாரத்தில் முதல்தடவையாக நெஞ்சு குளிர்ந்தது.

இருவரும் நேரே ஜெராக்ஸ் கடைக்குப் போனார்கள். எழுபத்தைந்து வயது கசில்டா கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"அந்த நோட்ஸோட மூலப் பிரதி இருக்கா?"

"இல்லாம என்ன?" மேசைக்கு அடியிலிருந்து கயிறு கட்டிய பழைய நோட்டு ஒன்றை எடுத்துத் தூசி தட்டினாள்.

"எழுதினவன் பேரைச் சொல்லுங்க. அவனைச் சும்மா விடமாட்டேன்!" என்று எவெலியோ குதித்தார். பௌலினோ பேனாவைத் திறந்து தயாராக வைத்துக்கொண்டார்.

கசில்டா எவெலியோவை மேலும் கீழும் பார்த்தாள்.

"ஏம்ப்பா எவெலியோ, மறந்தே போச்சா? அன்னிக்கு கிளாஸை மட்டம் போட்டுட்டு, பாலத்துக்கிட்ட பாதாம்காரி பின்னாடியே சுத்திட்டு வந்து, உன் நோட்டுல ஒரு பக்கம் காலியா கிடக்கேன்னு இந்த மேசையில நின்னுதானே நீ அந்தச் சாமியாரை எழுதினே?"