பித்தளைப் பதவி உயர்வு

மனித நாகரிகத்தின் உச்சம் எது என்று யாராவது கேட்டால், தயங்காமல் சொல்வேன்: கேபிள் கிளாண்ட். மின்பெட்டிக்குள் கேபிள் நுழையும் ஓட்டையில் அதை இறுகப் பிடித்து, மழையும் பல்லியும் உள்ளே போகாமல் காக்கும் சின்னஞ்சிறு பொருள் அது. அதைத் தேர்ந்தெடுக்க டெல்லி ஆர்.கே.புரத்தில் எங்கள் சர்க்கார் குவார்ட்டர்ஸ்வாசிகள் அமைத்த 'உயர்நிலை'க் கமிட்டிக்கு நான்தான் செயலாளர். சொல்லிக்கொள்ளப் பெருமையாக இருக்கிறது.

இங்கே இரண்டு ப்ளாக்குகள். ஒன்றில் ஆபீசர்கள், மற்றதில் கிளார்க்குகள். மாடித் தொட்டி காலியா, நிரம்பியதா என்று கீழே மோட்டார் பெட்டிக்குச் சொல்லும் கன்ட்ரோல் கேபிள் இரண்டிலும் ஒரே பென்சில் பருமன்தான். சாதாரண மூளையாக இருந்தால் இரண்டுக்கும் ஒரே கிளாண்டை வாங்கியிருக்கும். எங்கள் தலைவர் கஸ்தூரிரங்கனுடையது சாதாரண மூளை அல்ல. அவர் டைரக்டர்.

கேபிள் எவ்வளவு பருமன் என்று கடைக்காரர் ஹிந்தியில் கேட்டார். தலைவர் தம் பதவியைச் சொன்னார். கடைக்காரர் அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, கடையிலேயே பெரிய பித்தளைக் கிளாண்டை எடுத்து வைத்தார். கிளார்க் ப்ளாக்குக்கு, அவர்கள் 'தகுதிக்கேற்ப', ஒரு குட்டி பிளாஸ்டிக் கிளாண்ட்.

ஜூலையில் மழை கொட்டியது. ஆபீசர்களின் பித்தளைக்குள் கேபிள் தொளதொளவென்று ஆட, மழைநீர் அதன் வழியே பெட்டிக்குள் இறங்கி மோட்டார் நின்றது. கிளார்க் ப்ளாக்கிலோ பிளாஸ்டிக் கேபிளைக் கவ்விப் பிடித்துக்கொண்டிருந்தது. அங்கே குழாயில் தண்ணீர் வந்தது.

கமிட்டி அவசரமாகக் கூடியது. பித்தளையின் மேல் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. தன் தகுதியை மீறி வேலை செய்த பிளாஸ்டிக்கின் 'நடத்தை'தான் விசாரிக்கப்பட்டது. பாரபட்சத்தை ஒழிக்க, கிளார்க் ப்ளாக்குக்கும் பெரிய பித்தளையே போடுவது என்று ஏகமனதாகத் தீர்மானித்தோம். அந்த ப்ளாக்குக்குப் பல வருஷங்களில் கிடைத்த ஒரே பதவி உயர்வு அதுதான்.

மூன்றாம் மாடியில் குடியிருக்கும் கிளார்க் அம்பிகா ஓடி வந்தார். "சார், எங்களுக்குத் தண்ணி நல்லாத்தான் வருது. வீட்ல ரெட்டப் பிள்ளைங்க, ரெண்டும் கைக்குழந்தை. இருக்கறத மட்டும் தொடாதீங்க சார்."

"அச்சா, உங்களுக்குத் தண்ணி வரதுல எனக்கு ஒரு ஆட்சேபணையும் இல்லைம்மா," என்றார் தலைவர். "எங்களுக்கு வராதப்போ உங்களுக்கு மட்டும் வரதே, அதான் முறையா இல்லை."

இதைவிடக் கனிவாக ஒரு டைரக்டரால் பேச முடியாது. அம்பிகாவுக்குத்தான் அது புரியவில்லை. அழுதுகொண்டே போனார்.

அடுத்த மழையில் அந்த மோட்டாரும் நின்றது. இரண்டு ப்ளாக்கிலும் ஒரே கிளாண்ட், ஒரே வறண்ட குழாய். சமத்துவத்தை இவ்வளவு சுருக்காக யாரும் சாதித்ததாகத் தெரியவில்லை. தலைவருக்குப் பொன்னாடை போர்த்தினோம்.

மறுநாள் தண்ணீர் லாரி வந்தது. இரண்டு பக்கெட்டுகளோடு முதல் ஆளாக நின்ற அம்பிகாவை நானே மரியாதையாக ஓரம்கட்டி, லாரியை ஆபீசர் ப்ளாக்குக்குத் திருப்பிவிட்டேன். சமத்துவத் தீர்மானம் கிளாண்டுக்குத்தானே. தண்ணீரைப் பற்றி அதில் ஒரு வார்த்தைகூட இல்லையே.