அரக்ஸி கொண்டுபோன நோட்டீஸ்

பக்கத்து வீட்டு மிஹ்ரான் என் திசைக்கே வரக்கூடாது என்று கோர்ட்டில் தடை வாங்கியே தீருவது என ஒரு செவ்வாய்க்கிழமை காலை முடிவெடுத்தேன். வாங்கியும் இருப்பேன். எனக்குக் கல்யாணம் ஆகியிருந்தது, அதுதான் இடைஞ்சல்.

ஃப்ரெஸ்னோ ஊரில் எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒரு மல்பெரி மரம். பத்தொன்பது வருஷமாகத் தினம் சாயங்காலம் அதன் அடியில் நானும் மிஹ்ரானும் தாவ்லு ஆடுவோம். இரண்டு பகடை, முப்பது காய், ஒரு பலகை. பிப்ரவரியில் ஒரு நாள் அவன் பலகையை உற்றுப் பார்த்துவிட்டு, "டேய் நிஷான், காயைத் தள்ளிட்டே" என்றான். இல்லை என்றேன். அன்றோடு ஆட்டம் நின்றது. அர்ச்சனை ஆரம்பித்தது.

காலையில் வேலிக்கு மேலே ஒரு தலை தெரியும். "திருடன் எழுந்தாச்சா?" தபால் பெட்டிக்குப் போனால், "திருடனுக்குக் கடுதாசி வந்திருக்கு." சர்ச்சில் பூசை முடிந்து எல்லாரும் காபி குடிக்கும்போது, "பர்ஸைப் பத்திரமா வெச்சுக்கோங்க, நிஷான் வர்றான்." ஒரே நாளில் பதினேழு தடவை போன் வந்தது. எடுத்தால் பேச்சில்லை, பகடை உருட்டும் சத்தம்தான்.

உங்களிடம் மட்டும் சொல்கிறேன். தள்ளத்தான் செய்தேன். அவன் காபிக்குச் சர்க்கரை எடுக்க உள்ளே போகும்போது, சட்டைக் கை பட்டது போல ஒரு காய், ஒரு கட்டம். அதற்காக ஒரு மனிதனை இப்படியா வாட்டுவது?

சமையலறை மேஜையில் மனுவைப் பரப்பினேன். என் மனைவி அரக்ஸி எதிரே திராட்சை இலையில் சோற்றை வைத்துச் சுருட்டிக்கொண்டிருந்தாள்.

"எவ்வளவு தூரம் தள்ளி இருக்கணும்னு கேட்டிருக்கான். நூறு கெஜம்னு போடறேன்."

"அவர் வீடே நமக்குப் பத்து கெஜம்தான். எங்க போய்ப் படுப்பாரு?"

"அது அவன் பாடு."

"பொண்டாட்டியைப் பறிகொடுத்துட்டுத் தனியா கிடக்கிற மனுஷங்க."

"தனியா கிடக்கிறவன் வாயைப் பொத்திக்கிட்டுக் கிடக்கணும்."

"நீங்க காயைத் தள்ளவே இல்லை?"

"இல்லவே இல்லை."

"அதையும் எழுதிட்டீங்களா?"

"எழுதி, கையெழுத்தும் போட்டாச்சு. பொய் சொன்னா தண்டனைன்னு அச்சடிச்சிருக்கான் பாரு, அதுக்கு நேர் கீழே."

அரக்ஸி கையிலிருந்த இலையைச் சுருட்டித் தட்டில் வைத்தாள். பிறகு கையைத் துடைத்துக்கொண்டாள்.

"அப்போ என் பேரையும் போடுங்க. பாதுகாப்பு வேணும்கிற குடும்பத்தாள் யாருன்னு ஒரு இடம் விட்டிருக்கான் பாருங்க. திருடன் பொண்டாட்டின்னா எனக்கும்தானே கேவலம்?"

எனக்குக் கண் கலங்கிவிட்டது. முப்பத்தாறு வருஷத்தில் முதல் தடவையாக அவள் என் கட்சியில் சேர்ந்திருந்தாள். பெரிய எழுத்தில் அவள் பெயரை எழுதினேன்.

கோர்ட்டில் மூன்று வாரம் தள்ளி விசாரணைக்குத் தேதி கொடுத்தார்கள். அந்த நோட்டீஸ் விசாரணைக்கு ஐந்து நாள் முன்னதாகவே மிஹ்ரான் கைக்கு நேரில் போய்ச் சேர வேண்டுமாம். நான் கொடுக்கக்கூடாதாம். யார் கொடுக்கலாம் என்று பொடி எழுத்தில் மூன்று பக்கம் தந்தார்கள். பொடி எழுத்துக்கும் எனக்கும் ஆகாது. அரக்ஸியிடம் நீட்டினேன். மருந்து டப்பாவில் ஒட்டியிருப்பதைக்கூட வரி விடாமல் படிப்பவள் அவள்.

"யாரு குடுக்கணுமாம்?"

"பதினெட்டு வயசு ஆகியிருக்கணுமாம்," என்றாள் படித்தபடியே. "எனக்கு அறுபத்திரண்டு. நானே குடுக்கறேன்."

ஒரு கையில் நோட்டீஸ், மறு கையில் ஒரு தட்டு நிறையச் சுருட்டிய இலை. போனவள் ஒன்றரை மணி நேரம் கழித்து வந்தாள்.

"ஒரு காகிதத்தைக் குடுக்க இவ்வளவு நேரமா?"

"விளக்கிச் சொல்ல வேண்டாமா?"

கொடுத்ததற்கான படிவத்தில் அவளே கையெழுத்துப் போட்டாள். நானே கொண்டுபோய்க் கோர்ட்டில் சேர்த்தேன்.

விசாரணை நாளில் மிஹ்ரான் வரவில்லை. ஜெயித்தாயிற்று என்று டையைச் சரி செய்துகொண்டேன். நீதிபதி அம்மாள் கண்ணாடியை மூக்கின் நுனிக்கு இறக்கினார்.

"நோட்டீஸ் குடுத்தது யாரு?"

"என் மனைவிங்க. நேர்ல, கையில, பத்து நாள் முன்னாடியே."

"உங்களோட சேர்த்துப் பாதுகாப்பு வேணும்னு மனுவில பேர் போட்டிருக்கிறது யாரு?"

"அதே மனைவிதாங்க," என்றேன் பெருமையாக.

"பாதுகாப்பு கேக்கறவங்க நோட்டீஸ் குடுக்கக்கூடாது. இது செல்லாது. புதுத் தேதி தரேன், முறையா ஒருத்தரை வெச்சுக் குடுங்க. அன்னிக்கு நீங்க சத்தியம் பண்ணி, காயைத் தள்ளலைன்னு சொல்லணும். அடுத்து உங்க மனைவியும் சொல்லணும். தேதி வேணுமா?"

நான் அரக்ஸியைத் திரும்பிப் பார்த்தேன். அவள் தன் கைப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வேண்டாங்க," என்றேன்.

வெளியே வராந்தாவில் கேட்டேன். "உனக்கு இது தெரியுமா?"

"ரெண்டாம் பக்கத்துல போட்டிருந்தான். மிஹ்ரான் அண்ணன்கிட்டயும் சொன்னேன். இது செல்லாது, நீங்க பாட்டுக்குக் கோர்ட்டுக்கு வந்து நின்னா நோட்டீஸ் சேர்ந்த கணக்காயிடும், வீட்லயே இருங்கன்னு."

"என் பேரைப் போடுன்னியே, அப்பவே?"

"மனுவோட வந்த தாள்லயும் இதே போட்டிருந்தான், அதுக்கும் முன்னாடியே படிச்சாச்சு. என்னைக் கூண்டுல ஏத்திக் கேட்டா நான் என்னங்க சொல்லுவேன்? உங்க சட்டைக் கையை நான் முப்பத்தாறு வருஷமா பாக்கறேன். என்கூடச் சீட்டு ஆடும்போதும் அதே கைதானே?"

சாயங்காலம் மிஹ்ரான் வீட்டுக்குப் போனேன். கதவைத் திறந்தான். உள்ளே வா என்று சொல்லவில்லை.

"நான்தான்டா தள்ளினேன்," என்றேன்.

"எத்தனை நாளா?"

"ஒரு ரெண்டு வருஷமா."

அவன் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டான். "வெச்ச காய் வெச்ச இடத்துல இல்லைன்னா நான் என்னடா நினைப்பேன்? எங்க அப்பாவுக்குக் கடைசியில என் பேரே மறந்துபோச்சு. எனக்கும் வந்துடுச்சுன்னு பயந்து டாக்டர்கிட்டப் போனேன். மூளையைப் படம் எல்லாம் எடுத்தாங்க. யார்கிட்டயும் சொல்லலை. நீதான் எதிர்ல உட்கார்ந்து, வயசாச்சுடா மிஹ்ரான்னு சிரிச்சே."

சிரித்தேன்தான். தினமும் சிரித்தேன். ஒரு கட்டத்துக்காக ஒருவனைத் தன் புத்தியையே சந்தேகிக்க வைத்துவிட்டேனே என்று அன்றைக்குத்தான் உறைத்தது. மன்னித்துவிடு என்றேன். தலையாட்டினான். ஆனால் இனி உன்னோடு ஆட மாட்டேன் என்றான். அது நியாயம்தான். இன்னும் வலிக்கிறது.

இப்போது மரத்தடியில் என் நாற்காலியில் அரக்ஸி உட்கார்கிறாள். இருவருமாகப் புதுச் சட்டம் ஒன்று போட்டிருக்கிறார்கள். தோற்றவர் வீட்டு ஆண்பிள்ளைதான் காபி போட வேண்டும். நேற்று மிஹ்ரான் உள்ளே போன சமயம் அவள் கை பலகைமேல் போனதை ஜன்னல் வழியே பார்த்தேன். தன் காயைத் தள்ளினாள், முன்னால் அல்ல, பின்னால். அடுத்த உருட்டில் மிஹ்ரான் ஜெயித்தான். "மூளை நல்லாத்தான் இருக்கு" என்று தொடையைத் தட்டிச் சிரித்தான். அவனை அப்படிச் சிரிக்க வைக்க எனக்குப் பத்தொன்பது வருஷத்தில் ஒரு நாள்கூடத் தோன்றியதில்லை.

அரக்ஸி ஜன்னல் பக்கம் திரும்பினாள்.

"தோத்துட்டேங்க. அடுப்பைப் பத்த வைங்க."