புகையில்லா மாவு வண்டி

மனிதன் சக்கரத்தைக் கண்டுபிடித்த பிறகு நடந்த பெரிய காரியம், கொரட்டூரில், எங்கள் தெருவில், வரதன் வீட்டு வாசலில் நடந்தது. பேப்பரில் வரவில்லை. நாங்கள் சொல்லி அனுப்பியிருந்தும் வரவில்லை. பெரிய விஷயங்கள் அப்படித்தான்.

எங்கள் 'பூமி காக்கும் குழு'வுக்கு நான் செயலாளர். தலைவர் அய்யாசாமி, ரிட்டயர்டு ஹெட் கிளார்க். உறுப்பினர்கள் எல்லோரும் கடமை தவறாதவர்கள். கூட்டம் என்றால் அடுத்த தெருவிலிருந்துகூட பைக்கை எடுத்துக்கொண்டு வந்துவிடுவார்கள். உள்ளே பூமி சூடாவதைப் பற்றிப் பேசி முடிப்பதற்குள் வெளியே சைலன்சர்கள் ஆறிவிடும்.

ஒரு கூட்டத்தில் தலைவர் சொன்னார்: "சும்மா பேசிகினே இருந்தா இன்னா ஆவும்? ஒரு பெட்ரோல் காரை நாமளே கரண்டு காரா மாத்திக் காட்டணும்."

கைதட்டல் அடங்க நேரமானது. யாருடைய கார் என்ற சிறிய கேள்விதான் பாக்கி. தலைவரின் கார் மாமனார் கொடுத்தது, அதில் கை வைத்தால் வீட்டில் கலவரம். மோகன் காருக்குத் தவணை முடியவில்லை. என்னுடையது அப்போதுதான் வாங்கிய டீசல் கார். இப்படி எல்லோரும் மனவருத்தத்தோடு ஒதுங்கிக்கொண்டதில், டீ வாங்கப் போயிருந்த வரதன் ஏகமனதாகத் தேர்வானார்.

வரதனிடம் கார் கிடையாது என்பது ஒரு தடையாகத் தெரியவில்லை. அவர் மனைவி பத்மாவிடம் இருந்தது.

பத்மா வீட்டிலேயே இட்லி மாவு அரைத்து விற்பவர். விடியற்காலையில் வாளிகளைக் காரில் ஏற்றி, தானே ஓட்டிக்கொண்டு போய், வானகரம் வரைக்கும் மெஸ்களுக்கும் கடைகளுக்கும் போடுவார். மாவு விற்ற காசில் வாங்கிய பழைய கார்.

"நல்லாத்தானே ஓடிகினு கீது?" என்றார் பத்மா.

"அதான் பிரச்சினையே. ஓடறதாலதானே புகை வுடுது" என்றார் வரதன்.

வரதன் அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் ஓட்டி வி.ஆர்.எஸ். வாங்கியவர். யூடியூப் பார்த்து மேற்படிப்பும் முடித்திருந்தார். "ஆர்.டி.ஓ.ல பர்மிசன் வாங்கணுமே" என்று யாரோ கேட்டபோது, "பூமி யாராண்ட பர்மிசன் வாங்கிகினு சூடாவுது?" என்றார். அந்த யாரோவைக் குழுவிலிருந்து நீக்கினோம்.

செயின் பிளாக் கட்டி இன்ஜினைத் தூக்கி இறக்கினார்கள். ஒரு யுகம் முடிந்ததற்காக ஒரு நிமிடம் மௌனமாக நின்றோம். பத்மா மட்டும் அழுதார். 'இன்ஜினுக்கு அஞ்சலி' என்று மினிட்ஸில் எழுதச் சொன்னார் தலைவர்.

வேலை இழுத்தது. கார் வாசலில் பிரிந்து கிடக்க, பத்மா ஷேர் ஆட்டோவில் வாளியோடு போனார். ஆட்டோ நிறைகிற வரைக்கும் கிளம்பாது. மாவு லேட்டானதால் கடைகள் ஒவ்வொன்றாகக் கழன்றுகொண்டன. கடைசியில் வானகரம் மெஸ் ஒன்றுதான் மிச்சம். மெஸ்காரரும் நயமாகச் சொல்லிவிட்டார்: "விஜயதசமி காலைல கூட்டம் ஜாஸ்திக்கா. அன்னிக்கும் லேட்டாச்சுன்னா நான் பாக்கெட் மாவுக்குப் போய்டுவேன், கோச்சுக்காத."

"அன்னிக்கே தொடக்க விழா" என்று குழு அறிவித்தது. 'புகையில்லா மாவு' என்று பேனரும் அடித்தோம். பேனரில் குழுவினர் அனைவரின் படமும் இருந்தது. இடம் இல்லாததால் காரின் படம் இல்லை.

உண்மையைச் சொல்ல வேண்டும், கார் ஓடியது. வரதன் மோட்டாரைப் பழைய கியர்பாக்ஸோடு பொருத்தி, பின்சீட்டையும் டிக்கியையும் பேட்டரியால் நிரப்பி, தெருவை ஒரு சுற்று சுற்றி வந்தார். சத்தமே இல்லை. அதனால் யாரும் நகரவும் இல்லை. நடுத்தெருவில் படுத்திருந்த நாய் கண்ணைக்கூடத் திறக்கவில்லை. தலைவர் முன்னால் விசில் ஊதிக்கொண்டே நடக்க, பின்னால் எதிர்காலம் ஊர்ந்து வந்தது.

"வாளிய எங்கய்யா வெக்கிறது?" என்றார் பத்மா.

"பக்கத்து சீட்ல."

"அத்தினியுமா?"

"மடியில கொஞ்சம் வெச்சிக்க. எல்லாத்துக்கும் குறை சொல்லிகினு."

ஆயுத பூஜை வந்தது. பார்க்க வந்தவர்களுக்கெல்லாம் காரை ஓட்டிக் காட்டி, ஹாரன் அடித்துக் காட்டி, விளக்குப் போட்டுக் காட்டியதில் பகல் போனது. சாயங்காலம் ஸ்பேனர், ஸ்குரு டிரைவர், டிரில்லிங் மெஷின் எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்து சாமி முன்னால் அடுக்கினோம்.

"சார்ஜர் எங்க?" என்றார் தலைவர்.

"அது வேலைல கீது தலைவரே. இன்னிக்குச் சார்ஜ் ஏத்தியாவணும்" என்றார் வரதன்.

"கரண்டு காருக்கு அதானேய்யா முதல் ஆயுதம்? அத்த வெக்காம ஸ்பேனரை வெச்சா சாமி இன்னா நினைக்கும்?"

சாமி என்ன நினைக்கும் என்று யாருக்கும் தெரியாததால் சார்ஜரைக் கழற்றி வைத்தோம். சந்தனம் தாராளமாகவே வைத்தோம். பிளக் துளையில்கூட.

விஜயதசமி விடியலில் தெருவே கூடியது. நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம். பூசணிக்காய் உடைந்தது. பத்மா வாளிகளோடு ஏறி ஆக்சிலேட்டரை மிதித்தார். கார் எலுமிச்சம்பழத்தின் மேல் பாதி ஏறி, கொஞ்சம் யோசித்து, இறங்கிவிட்டது. பழம் நசுங்கவில்லை. பழத்துக்குக்கூடத் தீங்கு செய்யாத வண்டி என்று மைக்கில் சொன்னேன்.

வரதன் என் காதருகே வந்தார். "சார்ஜ் சுத்தமா இல்லண்ணாத்தே."

பத்மா இறங்கி வந்தார். "சார்ஜரை எடுங்க."

"மறுபூஜை போடாம எடுக்கக் கூடாதும்மா" என்றார் தலைவர். "ஐயர் பத்து மணிக்கு வர்றாரு. அதுக்கு முன்ன எடுத்தா குடும்பத்துக்கு ஆவாது."

"என் குடும்பமே இந்த வாளியிலதான்யா கீது."

தலைவர் கண்ணை மூடி ஆமோதித்தார். பத்மா என் பக்கம் திரும்பினார். "அண்ணா, உங்க கார் சாவி குடுங்க. போட்டுட்டு ஓடியாந்துர்றேன்."

நான் நிதானமாக யோசித்தேன். புதுக் கார், சீட்டு உறைகூடப் பிரிக்கவில்லை. மாவோ பொங்கும் பொருள். அதற்காக நான் மறுக்கவில்லை. 'புகையில்லா மாவு' டீசல் காரில் போனால் ஊர் சிரிக்காதா?

"கொள்கை இடம் கொடுக்கலம்மா" என்றேன்.

"நீங்க இப்ப எதுல வந்தீங்க?"

"கார்லதான்."

"உங்க ஊடு எது, அந்த மஞ்ச கேட்டுதானே?"

"அதேதான்."

நாலு வீடு தள்ளி இருந்த மஞ்சள் கேட்டை அவர் கொஞ்ச நேரம் பார்த்தார். அப்புறம் வாளிகளைத் தூக்கிக்கொண்டு ஷேர் ஆட்டோவுக்கு நடந்தார். விசேஷ நாள், ஆட்டோ நிறையவில்லை. அவர் வானகரம் போய்ச் சேர்ந்தபோது மெஸ்ஸில் பாக்கெட் மாவில் இரண்டாவது பந்தி நடந்துகொண்டிருந்தது.

திட்டம் மகத்தான வெற்றி என்று குழு தீர்மானம் போட்டிருக்கிறது. அந்தக் கார் அன்றிலிருந்து ஒரு சொட்டு பெட்ரோல் குடிக்கவில்லை, ஒரு துளி புகை விடவில்லை. பத்மா வீட்டுக் கிரைண்டரும் நின்றுவிட்டதால் தெருவில் ஒலி மாசும் குறைந்திருக்கிறது. மின்சாரமும் மிச்சம்.

அடுத்த காரை மாற்ற நாங்கள் தயார். வாரா வாரம் கூடிப் பேசுகிறோம். கொரட்டூரில் பூமியைக் காப்பாற்ற ஆளுக்குப் பஞ்சமே இல்லை. அடுத்தவர் வண்டிதான் கிடைக்க மாட்டேன் என்கிறது.