பிள்ளை வளர்த்தவளிடம் கடையைக் கொடுக்கச் சொன்ன பதினேழாம் பக்கம்

பெருமதிப்புக்குரிய வார இதழ் ஆசிரியர் ஐயா அவர்களுக்கு,

கடைத்தெரு முனையில் முப்பத்தெட்டு வருடமாகச் சலவைக் கடை நடத்திவரும் கிழவன் கும்பிட்டுச் சொல்லி எழுதுவித்தது. இவ்விடம் நானும் என் இடது கண்ணும் நலம். வலது கண்ணின் கதை கீழே வருகிறது. தாங்களும், தங்கள் அச்சு இயந்திரமும், தங்களுக்குக் கட்டுரை எழுதித் தருகிறவர்களும் நலமாக இருக்க வேண்டும். கடைசியில் சொன்னவர்கள் கொஞ்சம் குறைவான நலத்தோடு இருந்தாலும் எனக்கு ஆட்சேபணை இல்லை.

எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அதற்கு வெட்கப்படுகிற வயதைத் தாண்டி வெகு நாளாயிற்று. ஆனால் என் கடைக்கு வந்த ஒரு துணியையும் நான் மறந்தது கிடையாது. என் கடையில் சீட்டு கிடையாது, குறி கிடையாது, நோட்டு கிடையாது. மூன்றாவது பொத்தான் மட்டும் கறுப்பு நூலில் தைத்திருந்தால் மருந்துக்கடைக்காரர் சட்டை. இடது முழங்காலில் ஒட்டுப் போட்டிருந்தால் பள்ளிக்கூடத்து மணியடிப்பவர் கால்சட்டை. கடை திறந்த இரண்டாம் வருடம் ஒரு தபால்காரர் பையில் பாதிப் பென்சிலோடு கொண்டுவந்து போட்ட சட்டையை இன்றைக்குக் காட்டினாலும் சொல்லுவேன், பென்சில் என்ன நிறம் என்பது உட்பட. தங்கள் இதழ் எனக்குச் செய்த காரியத்தையும் அதே மாதிரி மறக்கப் போவதில்லை என்று தெரிவிக்கவே இதைச் சொன்னேன்.

போன மாதம் எனக்கு வலது கண்ணில் புரை எடுத்து இருபது நாள் கட்டுப் போட்டு உட்கார வைத்திருந்தார்கள். பொழுது போக வேண்டுமே என்று மருமகள் தங்கள் இதழை எனக்குப் படித்துக் காட்டினாள். பதினேழாம் பக்கத்தில், பிள்ளை வளர்த்தவர் எந்தத் தொழிலையும் நடத்தலாம் என்று ஒரு கட்டுரை. பொறுமை, பேரம், முன்யோசனை, சண்டை தீர்க்கும் சாமர்த்தியம் எல்லாம் பிள்ளை வளர்ப்பதிலேயே தானாக வந்துவிடுகிறதாம். எழுதியவர் படமும் போட்டிருக்கிறது என்றாள். எப்படி இருக்கிறார் என்று கேட்டேன். கோட்டு போட்டிருக்கிறார் என்றாள். தோள்பட்டையில் கறை ஏதாவது தெரிகிறதா என்று கேட்டேன். இல்லை, பளிச்சென்று இருக்கிறது என்றாள். அப்படியானால் அவர் பிள்ளை வளர்க்கவில்லை ஐயா, பக்கத்து அறையில் வளர்ந்திருக்கிறது. பிள்ளை தூக்கின தோளைச் சட்டையிலேயே கண்டுபிடிக்கிறவன் நான். அப்போது சிரித்தேன். சிரித்ததில் கட்டு நனைந்து டாக்டரிடம் திட்டும் வாங்கினேன். மருமகள் சிரிக்கவில்லை. அந்தப் பக்கத்தை ஓரமாக மடித்து வைத்தாள். மடித்த அந்த ஓரம்தான் இன்றைக்கு என் கழுத்தை அறுக்கிறது.

விஷயம் என்னவென்றால், கடையின் வாடகை ஒப்பந்தம் இந்த மாதக் கடைசியோடு முடிகிறது. கட்டிடக்காரர் வந்து, "பெரியவரே, உங்களுக்கும் வயசாச்சு. இந்தத் தடவை யார் பேர்ல எழுதட்டும்?" என்று கேட்டுவிட்டுப் போயிருக்கிறார். என் பெயர், இல்லாவிட்டால் மருமகள் பெயர். வேறு ஆள் இல்லை. அவளோ கட்டுரையை வைத்துக்கொண்டு, ரெண்டு பிள்ளையை வளர்த்த கை இது, கடையும் நடத்தும் என்கிறாள். ஆகவே மாதக் கடைசிக்குள், நாங்கள் பதினேழாம் பக்கத்தில் எழுதியது தப்பு என்று தாங்கள் ஒரு மறுப்புப் போட்டே ஆக வேண்டும். தங்கள் இதழைத்தான் அவள் நம்புகிறாள். என்னை நம்பவில்லை.

இந்தக் கடிதத்தை எழுதுவது யார் என்று தாங்கள் கேட்கலாம். அவளேதான். எழுத்து தெரிந்த ஆள் வீட்டில் வேறு யாரும் சும்மா இல்லை, முதுகுக்குப் பின்னால் பேசுகிற பழக்கமும் எனக்கில்லை. முகத்தில் ஒரு சுருக்கம்கூட இல்லாமல், "ம், அப்புறம் மாமா?" என்று கேட்டுக் கேட்டு எழுதுகிறாள். அந்த முகத்தைப் பார்க்கப் பார்க்க எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

நான் கண் கட்டோடு கிடந்த முதல் நான்கு நாள் கடையைப் பார்த்துக்கொண்டவன் என் மகன். பெற்றோர் பெற்றோர் என்று கட்டுரையில் முப்பது தடவை வருகிறது. அவனும் பெற்றவன்தானே? ஏழு வயதில் ஒரு பெண்ணும் நாலு வயதில் ஒரு பையனும் அவன் பெயரில்தான் இருக்கிறார்கள். அவர்களைப் பொறுத்தவரை சாயங்காலம் பிஸ்கட்டோடு வந்து செல்போனோடு உட்காருகிற ஒரு நல்ல மனிதர் அவன். கடையிலும் அப்படியே உட்கார்ந்தான். நான்காம் நாள் மாலைக்குள் மணியடிப்பவர் கால்சட்டை பேங்க் மேனேஜர் வீட்டுக்கும், பேங்க் மேனேஜர் கால்சட்டை எங்கே என்று யாருக்கும் தெரியாத இடத்துக்கும் போய்ச் சேர்ந்தன. ஐந்தாம் நாள் அவனுக்குத் தலைவலி வந்தது. சின்னவனை இடுப்பிலும் சாவியைக் கையிலும் வைத்துக்கொண்டு மருமகள் கிளம்பிவிட்டாள். "நான் இருக்கேன்ல" என்று வாசலில் திரும்பிச் சொன்னாள். அதற்கப்புறம் நடந்ததை நெட்டையன் தினமும் வந்து ஒன்று விடாமல் எனக்கு ஒப்பித்தான்.

நெட்டையனும் குட்டையனும் என் கடையில் இஸ்திரி போடுகிறவர்கள். மின்விசிறிக்குக் கீழே இருக்கிற மேசை யாருக்கு என்று பதினோரு வருடமாக அவர்களுக்குள் பேச்சு வார்த்தை இல்லை. மருமகள் போன முதல் நாளே இரண்டு பேரையும் கூப்பிட்டு, "அண்ணே, ஒருத்தர் துணியை ரெண்டு பங்கா பிரிங்க. விசிறி மேசைக்கு எந்தப் பங்கு, மத்த மேசைக்கு எந்தப் பங்குன்னு நீங்களே வைங்க. அடுத்தவர் எந்த மேசைன்னு எடுத்துக்கட்டும்" என்றாளாம். நெட்டையன் விசிறி மேசைக்குப் பெரிய விரிப்புகளாக வைத்தான், மற்றதற்குச் சட்டைகளாக வைத்தான், இங்கிருந்து ஒன்றை அங்கே மாற்றினான், அரை மணி நேரம் தராசு பிடித்த மாதிரி பிடித்தான். குட்டையன் ஒன்றை எடுத்துக்கொண்டான். சண்டை முடிந்துவிட்டது. "கேக்கு வெட்டினா பிள்ளைங்களுக்கு இப்படித்தான் மாமா, ஒருத்தர் வெட்டணும், இன்னொருத்தர் எடுக்கணும்" என்று இப்போது எழுதுவதை நிறுத்திவிட்டு விளக்கம் சொல்கிறாள். ஐயா, அது நான் பதினோரு வருடம் தண்ணீர் ஊற்றி வளர்த்த சண்டை! அவர்கள் பேசிக்கொள்ளாத வரைக்கும் இரண்டு பேரும் சேர்ந்து என்னிடம் எதுவும் கேட்கவில்லை. பேச ஆரம்பித்த மூன்றாம் நாள் சேர்ந்து வந்து ஞாயிற்றுக்கிழமை விடுமுறை கேட்டார்கள். கொடுத்தும் விட்டாள். "ஓய்வு இல்லாத பிள்ளைதான் மாமா அடம் பிடிக்கும்" என்கிறாள். குட்டையனுக்கு ஐம்பத்திரண்டு வயது.

அடுத்தது லாட்ஜ் மேனேஜர். இருபத்தாறு வருடமாக ஒவ்வொரு புதன்கிழமையும் அவர் வந்து கத்துவார், நானும் கத்துவேன், தெருவே கூடும். கூடினவர்களில் நாலு பேராவது வந்ததுதான் வந்தோம் என்று சட்டையைப் போட்டுவிட்டுப் போவார்கள். இதைவிட நல்ல விளம்பரம் தங்கள் இதழில்கூட வராது. அந்தப் புதன்கிழமையும் வந்து ஒரு துண்டைப் பலகை மேல் வீசியிருக்கிறார்.

"இது துண்டா சல்லடையா? இதுல முகம் துடைச்சா மூக்கு அந்தப் பக்கம் வருது!"

இவள் இதே முகத்தோடு நின்றிருக்கிறாள். கொஞ்சம் பொறுத்து, "முடிஞ்சுதா சார்?" என்று கேட்டாள்.

"முடியல!"

"சரி, மிச்சத்தையும் சொல்லுங்க."

மிச்சத்தையும் சொன்னார். பதிலுக்குக் கத்த ஆள் இல்லாமல் ஒரு மனிதர் எவ்வளவு நேரம்தான் கத்துவார்? குரல் கம்மியதும், "காலைல ஏதாவது சாப்பிட்டீங்களா சார்?" என்றாளாம். அவர் முழித்துவிட்டு, "இல்ல" என்றார். உட்கார வைத்து ஒரு பன்னும் டீயும் கொடுத்தாள். தின்று முடித்தபிறகு அது நம் கடைக்கு வந்த துண்டே இல்லை, லாட்ஜில் ஜன்னல் துடைக்கிற துணி என்று அவரே ஒப்புக்கொண்டார். இப்போது புதன்கிழமை தோறும் சாப்பிட்டுவிட்டு வந்து மெதுவாகப் பேசிவிட்டுப் போகிறார். தெரு வெறிச்சென்று கிடக்கிறது. வெட்கங்கெட்டவன். (மருமகள் தலை நிமிர்ந்து, "வெட்கங்கெட்டவன்னு மேனேஜரைச் சொல்றீங்களா மாமா, உங்க பிள்ளையைச் சொல்றீங்களா?" என்று கேட்கிறாள். இரண்டு பேரையும்தான், எழுது.)

எல்லாவற்றுக்கும் மேலே ஒன்று நடந்தது. துவைக்கிற மெஷினைப் பார்த்துக்கொள்பவன் ஆஸ்பத்திரி டாக்டர்களின் வெள்ளைக் கோட்டுகள் முப்பதோடு ஒரு சிவப்பு மேசை விரிப்பையும் போட்டுச் சுற்றிவிட்டான். முப்பதும் ரோஜாப்பூ. நானாக இருந்தால் எல்லோரையும் வரிசையாக நிறுத்தி, "எவன் செஞ்சது?" என்று கேட்டிருப்பேன். எவனும் சொல்ல மாட்டான், இதுவரை சொன்னதும் இல்லை. இவள் எவன் என்றே கேட்கவில்லை. "எப்படி ஆச்சுண்ணே?" என்று கேட்டாள். அவன் ஒரே மூச்சில் எல்லாவற்றையும் கொட்டினான், நான் இன்னும் தேடிக்கொண்டிருக்கிற ஜரிகைத் துணியைப் போன வருடம் கிழித்தது வரைக்கும். அதோடு விட்டாளா? ஆஸ்பத்திரிக்குத் தானே போன் செய்து, "கோட்டெல்லாம் நிறம் மாறிப்போச்சு, தப்பு எங்களோடது, ரெண்டு நாள் கொடுங்க" என்று சொல்லியிருக்கிறாள். "பிள்ளை தப்புப் பண்ணினா டீச்சர் கூப்பிடறதுக்கு முன்னால நாம போயிடணும் மாமா." ஐயா, இந்த முப்பத்தெட்டு வருடத்தில் ஒரு தப்பையும் நான் ஒப்புக்கொண்டது கிடையாது. வாடிக்கையாளர் தானாகக் கண்டுபிடிக்க வேண்டும். கண்டுபிடித்ததும் அவரோடு சேர்ந்து நாமும் ஆச்சரியப்பட வேண்டும். தொழில் என்றால் அதுதான். ஆஸ்பத்திரிக்காரர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? படுக்கை விரிப்புகளையும் இனிமேல் உங்களிடமே போடுகிறோம் என்றார்கள். உலகம் கெட்டுப் போய்விட்டது.

கட்டு அவிழ்த்த அன்றைக்கே கடைக்குப் போனேன். ஒவ்வொரு துணியிலும் ஒரு சிறு துண்டுத் துணி, அதில் அழியாத மையால் ஒரு படம். குடை, ஏணி, பூட்டு, வாத்து. ஆளுக்கு ஒரு படம். "பிள்ளைங்களுக்கு எழுத்து தெரியாத வயசுல இப்படித்தான் மாமா சட்டைல தைச்சு விட்டேன். பள்ளிக்கூடத்துல ஒருநாள்கூட மாறல. எழுத்து தெரியாதவங்க யாரும் படிச்சுக்கலாம்" என்று சொல்லிவிட்டு வேறு பக்கம் பார்த்துக்கொண்டாள். யாருக்காகப் போட்ட படம் என்று எனக்குத் தெரியாதா? அதற்குள் பேங்க் மேனேஜர் வந்து, "எனக்கு வாத்தாம்மா? சிங்கம் எதுவும் காலியா இல்லையா?" என்று கேட்டார். சிங்கத்துக்கு மட்டும் மூன்று பேர் காத்திருக்கிறார்கள்.

படத்தைப் பார்க்க மாட்டேன் என்று ஒரு நாள் முழுக்க நினைவை வைத்தே கொடுத்தேன். மூன்றாவது பொத்தானைப் பார்த்தேன், வெள்ளை நூல், இது மருந்துக்கடைக்காரர் சட்டை இல்லை என்று தச்சரிடம் கொடுத்துவிட்டேன். இந்தத் தடவை சலவைக்குப் போடுவதற்கு முன்னால்தான் மருந்துக்கடைக்காரர் வீட்டம்மா அந்தப் பொத்தானை மாற்றித் தைத்திருக்கிறார். என் நினைவு தப்பவில்லை ஐயா, நூல் தப்பியது. துண்டுத் துணியில் மருந்துக்கடைக்காரருடைய ஏணிப் படம் சரியாக இருந்ததாம். மெஷின்காரன்கூட அரை நிமிடத்தில் எடுத்துக் கொடுக்கிறான். எல்லோராலும் எடுத்துக் கொடுக்க முடிகிற கடையில் என் தலைக்குள் இருக்கிற முப்பத்தெட்டு வருடத்தை நான் எந்த அலமாரியில் மடித்து வைப்பது? தங்கள் கட்டுரையாளர் அதற்கு வழி சொல்லியிருக்கிறாரா என்று கேட்டேன். பதினேழாம் பக்கத்தை இன்னொரு தடவை முழுதாகப் படித்துவிட்டு இல்லை என்கிறாள்.

நானும் மூன்று பிள்ளை பெற்றவன். கடைக்கு வெளியே இருந்த நேரத்தில் பெற்றேன். வளர்த்தவள் என் மனைவி. காய்ச்சலும் பரீட்சையும் ஓடிப்போன செருப்பும் எல்லாம் அவள் பாடு. அவளிடம் கடையைக் கொடுக்க வேண்டும் என்று அன்றைக்கு எந்தப் பத்திரிகையும் எழுதவில்லை. அவளும் கேட்காமலே போய்ச் சேர்ந்தாள். கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேன் என்று அந்த இருபது நாளும் கண் கட்டோடு யோசித்தேன். இந்த வரியை எழுத வேண்டாம் என்று சொன்னேன். எழுதிவிட்டாள்.

ஆகவே ஆசிரியர் ஐயா, பிள்ளை வளர்ப்பது வேறு, தொழில் நடத்துவது வேறு, ஒன்றுக்கும் மற்றதற்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை என்று கொட்டை எழுத்தில், முடிந்தால் அதே பதினேழாம் பக்கத்தில், மாதக் கடைசிக்கு முன்னால் போடவும். தங்கள் இதழ் ஊரெல்லாம் விற்று, தங்கள் சட்டைக் காலர் என்றைக்கும் விறைப்பாக நின்று, தாங்கள் நூறு வயது இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்கிறேன். வீட்டில் எல்லோருக்கும் என் விசாரிப்பைச் சொல்லவும்.

இப்படிக்கு,
சலவைக் கடைக்காரர் (இடது கைப் பெருவிரல் ரேகை)

பின்குறிப்பு: மேலே உள்ளதைத் தபாலில் போட யாருக்கும் நேரம் கிடைக்காமல் ஒரு வாரம் போய்விட்டது. அதற்குள் கட்டிடக்காரர் தாளோடு வந்துவிட்டார். மருமகள் என்னிடம், "மாமா, என் பேர்ல எழுதிட்டு நீங்க கடைக்கு வந்து மேற்பார்வை பாக்குறீங்களா? இல்ல, என் பேர்ல எழுதிட்டு வீட்ல ஜம்முனு இருக்கீங்களா? உங்க இஷ்டம்தான், நான் எதுவும் சொல்ல மாட்டேன்" என்றாள். முப்பத்தெட்டு வருட முதலாளிக்குக் கொடுக்க வேண்டிய மரியாதையைக் கொடுத்து முடிவை என்னிடமே விட்டாள். நானும் நன்றாக யோசித்து, எவருடைய வற்புறுத்தலும் இல்லாமல், இரண்டாவதைத் தேர்ந்தெடுத்துச் சாட்சிக்குக் கைநாட்டும் வைத்துவிட்டேன். எனவே மறுப்பு எதுவும் போட வேண்டாம்.

இந்தப் பின்குறிப்பை எழுதுவது என் மகன். மருமகள் கடையில் இருக்கிறாள், பிள்ளைகள் இரண்டும் மூன்று நாளாக என் பொறுப்பில். சின்னவன் பலூன் கேட்டான். வாடிக்கையாளரிடம் சொல்கிற மாதிரி, "நாளைக்குச் சாயங்காலம் வா, ரெடியா இருக்கும்" என்றேன். "சரி" என்று சொல்லி என் காலடியிலேயே உட்கார்ந்துவிட்டான். எங்கேயும் போகவில்லை. நாளைக்குச் சாயங்காலம் ஆகிவிட்டதா என்று நிமிடத்துக்கு ஒரு தரம் கேட்கிறான். இத்தனை வருடத்தில் ஒரு வாடிக்கையாளரும் எனக்கு இதைச் செய்தது கிடையாது. பெரியவளோ நான் எது சொன்னாலும் "ஏன்?" என்கிறாள். அதற்குமேல் என்னிடம் சரக்கு இல்லை. ஆகையால், தொழில் நடத்தியவர் பிள்ளை வளர்ப்பது எப்படி என்று தங்களிடம் ஏதாவது கட்டுரை இருந்தால், யார் எழுதியிருந்தாலும் சரி, எந்தப் பக்கமாக இருந்தாலும் சரி, அவசரத் தபாலில் அனுப்பி வைக்கவும். படித்துக் காட்டப் போகிறவன் என் மகன்தான். ஏழு வருடம் தாமதமானாலும் அவன் காதிலும் விழட்டும்.