பேரு கெட்டுப் போகும்

இந்தத் தடவை மனைவி சரோஜாவைக் கேட்காமல் தானே முடிவெடுப்பது என்று சின்னராஜ் சபதம் போட்டான். தொட்டியில் மண் எத்தனை ஆழம்? அவ்வளவுதான் கேள்வி. ஆனால் அதில் அவன் வேலையே தொங்கிக்கொண்டிருந்தது.

ஓசூர் சிப்காட் கம்பெனி ஒன்றில் குவாலிட்டி இன்ஸ்பெக்டர். இன்னும் பெர்மனென்ட் ஆகவில்லை. அதற்குக் கையெழுத்துப் போட வேண்டிய மேனேஜரின் மனைவி, மைசூருக்குப் புறப்படுமுன் ஒரு மணி பிளான்ட்டையும் பெரிய காலித் தொட்டியையும் அவனிடம் கொடுத்தார். இதிலிருந்து அதற்கு மாற்றி வீட்டுக்குள்ளேயே வை என்று சைகை காட்டினார். போகிற போக்கில் கன்னடத்தில் ஒரு குண்டும் போட்டார்.

"மண்ணு ஜாஸ்தி ஆதரே பேரு கெட்டு ஹோகுத்தே!"

சிங்காரப்பேட்டைக்காரனுக்குக் கன்னடம் வராது. ஆனால் இதற்குக் கன்னடம் எதற்கு? மண் ஜாஸ்தியானால் பேரு கெட்டுப் போகும்!

ஸ்கேலைத் தொட்டிக்குள் விட்டான். எடுத்தான். மறுபடி விட்டான். சபதம் அதற்குள் ஆவியாகிவிட்டது.

"சரோஜா, மண்ணு எவ்ளோ போடலாம்?"

"ஸ்கேலு உங்க கையிலதான இருக்குது?"

"வெளையாடாத. ஜாஸ்தியானா என் பேரு கெட்டுரும்னு மேடமே சொல்லிட்டாங்க."

"என்ன சொன்னாங்க? அப்படியே சொல்லுங்க."

சொன்னான். தளியில் பிறந்து, கன்னடத்திலேயே சண்டை போட்டு வளர்ந்த சரோஜாவுக்குத் திடீரென்று இருமல் வந்தது.

"ஆமாங்க. பேரு கெட்டா அப்பறம் ஒண்ணும் நிக்காது. பாதித் தொட்டி போடுங்க, போதும். தெனம் சாயங்காலம் வெரல உட்டு ஈரம் பாக்கோணும்."

"காத்தால பாத்தா ஆகாதா?"

"உங்க பேரு, உங்க இஷ்டம்."

சாயங்காலம் என்பது திம்மப்பன் வீட்டுச் சீட்டாட்ட நேரம். சரோஜா அழுதும் நிறுத்த முடியாத ஆட்டத்தை மண் நிறுத்தியது. வேலை விட்டதும் ஓடிவந்து தொட்டியில் விரலை விட்டான். சும்மா உட்கார்ந்திருந்த இன்னொரு கைக்கு அவரைக்காய் உரிக்கும் வேலை வந்தது. ஓர் இலை பழுத்த அன்று அவனுக்குச் சோறு இறங்கவில்லை.

மேடம் திரும்பி வந்து, மண்ணைக் கிளறிப் பார்த்து, "பேரு சென்னாகிதே!" என்றார். சரோஜாவிடம் ஏதோ சொல்ல, இருவரும் சிரித்தார்கள். சின்னராஜுக்குக் கண் கலங்கியது.

"என் பேரு நல்லா இருக்குதுன்னுட்டாங்க, கேட்டியா?"

"உங்க பேரு இல்லீங்க, செடியோட வேரு. கன்னடத்துல பேருன்னா வேரு."

"அடிப்பாவி! அன்னிக்கே சொல்றதுக்கென்ன?"

"சொல்லியிருந்தா சாயங்காலத்துல வீடு தங்கியிருப்பீங்களா?"

ரோஷத்தோடு சட்டையை மாட்டிக்கொண்டு திம்மப்பன் வீட்டுக்குக் கிளம்பினான். வாசலில் கால் இடறியது. வரிசையாக மணி பிளான்ட்டுகள்.

"பாத்து போங்க. எல்லாம் மேடத்தோட தொட்டிங்க. மேனேஜர் கையெழுத்துப் போடற வரைக்கும் இருக்கட்டும்னு, நீங்க தெனம் ஈரம் பாத்துக்குவீங்கன்னு உங்க பேரச் சொல்லித்தான் வாங்கியாந்தேன்."